கைக்கருவியும் நெய்வேலி மண்ணும்

நம் கல்லூரி மாணவர் ஒருவர் காலையில் விடுதியினின்று வகுப்பிற்குப் புறப்படுங்கால், அவர்தம் சட்டைப்பையையும் தோட்பையையும் ஆராய்வோமாயின், மின்சாரத்தால் இயங்கும் பொருள்கள் மூன்றேனும் நான்கேனும் அவற்றுள் இருக்கக் காண்போம். கைப்பேசி ஒன்று, காதிற் செருகும் இயர்போன் ஒன்று, நேரத்தோடு நடந்த அடிகளையும் நாடித் துடிப்பையும் எண்ணிக்காட்டும் கைக்கடிகாரம் ஒன்று, இவை இடைவழியிற் சோர்ந்துவிடாதிருக்கும் பொருட்டுப் பவர் பேங்க் என்னும் சேமக்கலம் ஒன்று. மடிக்கணினி உடையாரும் பலர். இக்கருவிகளை விலை, வேகம், படமெடுக்குந் திறன் ஆகியவை பற்றி ஒப்பிட்டுப் பேசுவார் தொகை பெரிது. இவற்றிற்கு இரை எங்கிருந்து வருகின்றது என்று கேட்பார் மிகச் சிலரே. அக்கேள்வியையே யாம் ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம். விடைக்காக நெடுந்தூரம் செல்லவேண்டுவதில்லை. கடலூர் மாவட்டத்து நெய்வேலி வரை சென்றாற் போதும்.

இவ்விதழைப் படிக்கும் பழைய மாணவர்கள் தம் இளமையில் வைத்திருந்த கருவிகளை நினைவுகூர்வாராக. ஊற்றுப்பேனா, கைக்கடிகாரம், கணித மாணவரிடத்து ஸ்லைடு ரூல் என்னும் அளவே அன்று இருந்தன. பெங்களூரில் எச்.எம்.டி. நிறுவனத்தார் 1961-ஆம் ஆண்டில் கடிகாரத் தொழிற்சாலை தொடங்கிய பின்னர், அவர்கள் செய்த சாவி கொடுக்குங் கடிகாரம் நடுத்தரக் குடும்பத்தார் பலர் கையிலும் ஏறிற்று. அதனை நாள்தோறும் ஒருமுறை விரலால் முறுக்குதல் வேண்டும். முறுக்கிய விரலின் வலிமையே சுருள்வில்லில் அடங்கி, மறுநாள் வரை முள்ளை ஓட்டியது. அஃதாவது கருவியை உடையவரே அதற்குச் சக்தியளிப்பவரும் ஆயினர். அவர் காலையில் உண்ட இட்டிலியே கடிகாரத்தையும் ஓட்டிற்று என்றாலும் பிழையில்லை. இன்றைய கருவிகளோ அத்தகையன அல்ல. இரவானதும் ஒவ்வொன்றும் ஒரு கயிற்றாற் சுவரிற் கட்டப்படுகின்றது. மாலையிற் கட்டுத்தறிக்கு வரும் பசுவை இவற்றிற்கு உவமை கூறலாம். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. பசு பகலில் மேய்ந்து இரவில் அசைபோடும். இவை இரவில் மேய்ந்து பகலில் அசைபோடுகின்றன.

இக்கயிறு சுவரோடு முடிவதன்று. சுவருக்குட் செல்லும் கம்பி வீட்டு மீட்டருக்கும், அங்கிருந்து தெருக்கம்பத்திற்கும், கம்பத்தினின்று டிரான்ஸ்பார்மருக்கும், அதன்பின் வயல்வெளிகளிற் கைவிரித்து நிற்கும் எஃகுக் கோபுரங்களுக்கும் செல்கின்றது. அக்கோபுரக் கம்பிகளின் மறுமுனையில் எங்கோ ஒரு ஜெனரேட்டர் ஓயாது சுழன்றுகொண்டிருக்கின்றது. அஃது எது என்று சுட்டிக் கூறுதல் இயலாது. 2013 டிசம்பர் 31-ஆம் நாள் தென்னாட்டு மின்வலை வடநாட்டு வலையோடு இணைக்கப்பட்டபின், நாடு முழுதும் ஒரே வலையாயிற்று. பல ஆறுகள் பாயும் ஏரியில் ஒரு குடம் நீர் முகந்தால் அஃது எந்த ஆற்றின் நீர் என்று யார் சொல்வார்? நம் அறைக்கு வரும் மின்சாரத்தில் கூடங்குளத்து அணுவும், ஆரல்வாய்மொழிக் காற்றும், மேட்டூர்ப் புனலும், கமுதி வெயிலும் கலந்தே இருக்கும். ஆயினும் கணக்கறியும் பொருட்டு ஓர் ஆற்றை மட்டும் தேர்ந்துகொள்ளுதல் தவறன்று.

யாம் நெய்வேலியைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. வடசென்னை, தூத்துக்குடி முதலிய இடங்களிலுள்ள அனல்மின் நிலையங்களுக்கு நிலக்கரி கப்பலேறி வருகின்றது. நெய்வேலியிலோ சுரங்கமும் உலையும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கின்றன. மண்ணைத் தோண்டுதல், கரியை எடுத்தல், எரித்தல், மின்சாரமாக்கல், சாம்பலைக் குவித்தல் ஆகிய எல்லாம் ஒரே ஊரில் நிகழ்வதால், கணக்கின் தொடக்கமும் முடிவும் நம் கண்ணுக்கு எட்டுகின்றன. சென்னையினின்று கும்பகோணம் செல்லும் பேருந்தில் ஆர்ச் கேட்டைக் கடந்தார் நம்முட் பலர். வட்டம் வட்டமாக வகுத்தமைத்த அந்நகரின் நிழல் மரங்களைக் கண்டு மகிழ்ந்தாரும் உளர். சுரங்கத்தின் விளிம்பில் நின்று உள்ளே நோக்கினார் சிலரே.

1930-களின் நடுவில், ஜம்புலிங்க முதலியார் என்னும் நிலக்கிழார் நெய்வேலியிலுள்ள தம் நிலத்தில் நீர்வேண்டித் துளையிட்டபோது, நீரோடு கருநிறப் பொருளொன்றும் மேலே வந்தது. பிறர் எனின் கிணற்றுக்காரரைக் கடிந்துகொண்டு வேறிடத்தில் தோண்டியிருப்பர். அவர் அதனை அரசினர் கவனத்திற்குக் கொணர்ந்தார். பிற்காலத்தில் சுரங்கத்திற்கென அறுநூறு ஏக்கருக்கு மேற்பட்ட தம் நிலத்தையும் அளித்தார். 1940-களில் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையினர் பல இடங்களில் துளையிட்டு, கரி பரந்து கிடத்தலை உறுதி செய்தனர். 1956 நவம்பர் 14-ஆம் நாள் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியது. 1957 மே 20-ஆம் நாள் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். நான்காண்டிற்கு மேல் மண்ணையே அள்ளியபின், 1961 ஆகஸ்டுத் திங்களிற்றான் கரியின் முகம் வெளிப்பட்டது. பெங்களூரில் சாவி கொடுக்குங் கடிகாரம் பிறந்த அதே ஆண்டு! மறு ஆண்டில், சோவியத்து நாட்டின் துணைகொண்டு அமைத்த அனல்மின் நிலையத்தில் 50 மெகாவாட் ஆற்றலுடைய முதல் யந்திரம் சுழலத் தொடங்கிற்று. படிப்படியாக 600 மெகாவாட்டாக வளர்ந்த அந்நிலையம் ஐம்பத்தெட்டு ஆண்டுகள் உழைத்து, 2020 செப்டம்பரில் முற்றிலும் ஓய்வு பெற்றது. அதன் பின்தோன்றல்கள் இப்பொழுது அவ்வேலையைச் செய்கின்றன.

பழுப்பு நிலக்கரி என்பது முதிர்ச்சி பெறாத நிலக்கரியாம். கோடிக்கணக்கான ஆண்டுகட்கு முன் சதுப்பு நிலத்தில் விழுந்த மரஞ்செடிகள் மண்ணுட் புதைந்து, கரியாதற்குரிய வழியிற் பாதி தூரம் வந்து நின்றுவிட்டன. கையில் எடுத்துப் பார்த்தால், மழையில் ஊறி மக்கிய மரக்கட்டைபோலத் தோன்றும். சில துண்டுகளில் மரத்தின் வரிகள்கூடத் தெரியும். எடையில் ஏறக்குறையப் பாதி நீர். ஆதலால் எரிக்கும்போது வெப்பத்தின் ஒரு பகுதி அந்நீரை ஆவியாக்கவே செலவாகின்றது. குவித்து வைத்தாலோ, காற்றுப் பட்டுத் தானே புகைந்து தீப்பற்றும். இத்தகைய பொருளை இரயிலேற்றித் தொலைவுக்கு அனுப்புதல் நீரைச் சுமந்து செல்வதற்கே ஒப்பாகும். அதனாலேயே சுரங்கத்தின் வாயிலிலேயே உலையையும் வைத்தனர்.

கரியை எடுப்பதற்குள்ள பெருந்தடை மண்ணன்று, நீரே. ஐம்பது மீட்டரும் அதற்கு மேலும் தடித்த மண்ணுக்கடியிற் கரியடுக்கு கிடக்கின்றது. கரியடுக்கிற்குங் கீழே மணலடுக்கொன்றில் நீர் பேரழுத்தத்தோடு அடைபட்டிருக்கின்றது. மேலுள்ள மண்ணின் பாரம் அந்நீரை இதுகாறும் அமுக்கி வைத்திருந்தது. மண்ணை அகற்றியவுடன் அந்நீர் சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு மேலெழும். ஆகவே சுரங்கத்தைச் சூழக் குழாய்க் கிணறுகளை இறக்கி, இரவும் பகலும் இறைத்து, அழுத்தத்தைத் தணித்துக்கொண்டேயிருத்தல் வேண்டும். ஒருநாளும் விடுமுறை இல்லாத வேலை இது. இறைத்த நீர் மின்நிலையத்திற்கும் நகருக்கும் வயலுக்கும் பயன்படுகின்றது என்பது மெய்யே. சுற்றுவட்டாரத்துக் கிணறுகளில் நீர்மட்டம் தாழ்ந்தது என்பது உழவர்களின் நெடுநாட் குறை என்பதும் மெய்யே.

மண்ணை அள்ளுவது மனிதர் கையன்று. ஜெர்மானியர் வகுத்த வாளிச்சக்கர யந்திரங்கள் அங்கு உள்ளன. பெரியதொரு சக்கரத்தின் விளிம்பிற் பற்களையுடைய வாளிகள் வரிசையாகப் பொருத்தப்பட்டிருக்கும். சக்கரஞ் சுழலச் சுழல வாளிகள் மண்சுவரைச் சுரண்டி அள்ளி, கன்வேயர் பெல்டின்மேற் கொட்டும். இவ்யந்திரங்களுக்கு அவ்வாளியின் கொள்ளளவே பெயருமாகும். 700 லிட்டர் யந்திரம், 1400 லிட்டர் யந்திரம் என்று வழங்குவர். மண் ஒருபுறம் சென்று, முன்னர்க் கரியெடுத்து ஒழிந்த பள்ளத்தை நிரப்பும். கரி மறுபுறம் சென்று உலையை அடையும். அதன்பின் நிகழ்வன பாடப்புத்தகத்தில் உள்ளனவே: கரி பொடியாகி எரியும், நீர் ஆவியாகும், ஆவி டர்பைனைச் சுழற்றும், டர்பைன் ஜெனரேட்டரைச் சுழற்றும்.

இனிக் கணக்கிற்கு வருவோம். இக்காலத்துக் கைப்பேசிகள் பலவற்றின் மின்கலத்தில் 5000 மில்லி ஆம்பியர்-மணி என்று எழுதியிருக்கும். அதனை மின்கலத்தின் அழுத்தமாகிய 3.85 வோல்ட்டாற் பெருக்கினால் ஏறத்தாழ 19 வாட்-மணி வரும். சார்ஜரும் மின்கலமும் சூடேறுவதைக் கையால் தொட்டே அறியலாம், அவ்வெப்பமெல்லாம் இழப்பு. அவ்விழப்பையுஞ் சேர்த்தால் சுவரினின்று எடுப்பது 25 வாட்-மணி என்று கொள்ளலாம். கம்பிகளில் ஒரு பங்கு வீணாகின்றது. மின்நிலையமும் தன் விசிறிகளுக்கும் பம்புகளுக்கும் தான் விளைத்ததில் ஒரு பங்கை உண்கின்றது. ஆகவே ஜெனரேட்டர் தரவேண்டுவது 30 வாட்-மணி எனக் கொள்வோம். நெய்வேலிக் கரி ஒரு கிலோவில் அடங்கிய வெப்பம் ஏறக்குறைய 2600 கிலோ கலோரி, அஃதாவது 3 யூனிட். அதில் மூன்றில் ஒரு பங்கே மின்சாரமாகும். எஞ்சியது புகைபோக்கி வழியாகவும் குளிர்விக்குங் கோபுரத்தின் வழியாகவும் வானத்திற்குப் போய்விடும். ஆதலால் ஒரு கிலோ கரிக்கு ஒரு யூனிட் என்னும் எளிய சூத்திரம் கிடைக்கின்றது. இதனை மாணவர்கள் மனத்திற் பதித்துக்கொள்ளலாம்.

அங்ஙனமாயின், ஒருமுறை கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்ற வேண்டுவது 30 கிராம் பழுப்பு நிலக்கரி. சிறியதோர் எலுமிச்சம்பழத்தின் அளவு. நாள்தோறும் ஒருமுறை என்று வைத்தால், ஓராண்டிற்கு 11 கிலோ. நெய்வேலியில் ஒரு டன் கரிக்கு ஐந்தரைக் கன மீட்டர் அளவில் மேல்மண் அகற்றவேண்டியிருக்கின்றது. ஆகவே 11 கிலோ கரிக்கு 60 லிட்டர் மண், நாலு குடம். எடையிற் பார்த்தால் நூறு கிலோவிற்கு மேல். மாணவர் ஒருவர் தம் எடையினும் மிகுந்த மண்ணை, தம் கைப்பேசியின் பொருட்டு, ஆண்டுதோறும் பெயர்த்து வைக்கின்றார் என்பது இதனாற் பெறப்படும்.

இதனைக் கேட்டு யாரும் அஞ்சவேண்டுவதில்லை. அந்த 1400 லிட்டர் வாளியை நினைவிற் கொள்க. ஒரு வாளி மண், இருபத்து மூன்று மாணவர்க்கு ஓராண்டிற்குப் போதும். சிறியதொரு வகுப்பு முழுதும் ஒரு வாளியில் அடங்கிவிடும். இரண்டாயிரம் பேர் பயிலும் கல்லூரி ஒன்றின் ஓராண்டுக் கணக்கைச் சக்கரம் சில நிமிடங்களிற் சுரண்டி முடித்துவிடும். மற்றொரு வகையாலும் நோக்கலாம். சார்ஜ் ஏறும் கைப்பேசி ஒன்று 10 வாட் இழுக்கின்றது எனின், 1962-இல் நிறுவிய அச்சிறு யந்திரம் ஒன்றே, வழியிழப்புப் போக, நாற்பது லட்சம் கைப்பேசிகளை ஒரே வேளையில் ஊட்ட வல்லது. எனவே, சார்ஜரைச் சுவரினின்று பிடுங்கிவிட்டு உலகத்தைக் காத்துவிட்டோம் என்று மகிழ்வார்க்கு யாம் கூறுவது, அவர்தம் மகிழ்ச்சி எலுமிச்சம்பழ அளவினது என்பதே.

அறையின் கூரையை அண்ணாந்து நோக்குக. பழைய மின்விசிறி 75 வாட் இழுக்கும். பத்து மணிநேரம் ஓடினால் 750 வாட்-மணி. முப்பது கைப்பேசிகளின் ஒருநாள் உணவை அஃது ஓரிரவில் உண்டுவிடுகின்றது. புதுவகை விசிறிகள் அதே காற்றை 30 வாட் அளவிற் றருகின்றன. சட்டைக்கு இஸ்திரி போடும் கால்மணி நேரம் பத்துக் கைப்பேசிகளுக்குச் சமம். அறையைக் குளிர்விக்கும் யந்திரமோ ஒரு மணி நேரத்தில் ஐம்பது கைப்பேசிகளை விழுங்கும். கையில் இருப்பது கண்ணிற் படுகின்றது. கூரையில் இருப்பது கண்ணிற் படுவதில்லை. கணக்கு நம் கண்ணுக்குத் துணைவருவது இவ்விடத்தேதான்.

நிற்க. சிறியது என்றவுடன் கணக்கை மூடிவிடுதலும் ஆகாது. விசிறியும் கைப்பேசியும் இஸ்திரிப் பெட்டியும் தொழிற்சாலையும் ஒன்றுசேர்ந்து இழுக்கும் இழுப்பிற்கே அச்சக்கரம் சுழல்கின்றது. அது சுழலச் சுழலப் புதிய நிலம் வேண்டப்படுகின்றது. அந்நிலம் வெறுநிலமன்று. 2023 ஜூலைத் திங்களில், பரவனாற்றைத் திருப்பிவிடும் கால்வாயின் பொருட்டு, வளையமாதேவியில் வளர்ந்து நின்ற நெற்பயிரின்மீது மண்வெட்டும் யந்திரங்கள் செலுத்தப்பட்டன. நிலம் பல்லாண்டுகட்கு முன்னரே எடுக்கப்பட்டு இழப்பீடும் கொடுக்கப்பட்டது என்றனர் நிறுவனத்தார். ஈடு போதாது, வேலையும் கிடைக்கவில்லை, அறுவடை வரையிலேனும் பொறுத்திருத்தல் கூடாதா என்றனர் உழவர். வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்தை அடைந்தது. அழிந்த பயிருக்கு இழப்பீடு தருமாறு நீதிமன்றம் ஆணையிட்டது. நிலத்தின் உரிமை யாருடையது என்பது சட்டத்தின் கேள்வி. கதிர் முற்றும் வரை சில வாரங்கள் பொறுத்திருக்கலாகாதா என்பது சட்டத்திற்குப் புறம்பான கேள்வி. அதனை அவ்வுழவரைப்போலவே யாமும் கேட்கின்றோம். தமிழ்நாட்டார் பலரும் அப்பச்சை வயலை யந்திரம் புரட்டிய காட்சியைக் கண்டது கைப்பேசித் திரையிலேதான் என்பதையும் ஈண்டுக் குறித்தல் வேண்டும். எந்த மண்ணினின்று அத்திரைக்கு ஒளி வந்ததோ, அந்த மண்ணின் செய்தியையே அத்திரை காட்டிற்று.

கைப்பேசி தோண்டுவிக்கும் மண் நெய்வேலி மண் மட்டுமன்று. அதன் மின்கலத்திற்கு வேண்டிய கோபால்ட்டிற் பாதிக்கு மேல் ஆப்பிரிக்காவின் காங்கோ நாட்டினின்று வருகின்றது. லித்தியம் ஆஸ்திரேலியாவினின்றும் சிலி நாட்டினின்றும் வருகின்றது. இவையெல்லாம் உருக்கித் தூய்மையாக்கப்பட்டு, நுண்சில்லுகளாகவும் திரைகளாகவும் மாறி, கடல்கள் பல கடந்து, ஓரிடத்தில் ஒன்றுகூட்டப்படுகின்றன. அவ்வேலை நம் நாட்டில் ஸ்ரீபெரும்புதூரில் 2006-ஆம் ஆண்டில் நோக்கியா தொழிற்சாலையோடு பெரிய அளவில் தொடங்கியது. 2014-இல் அத்தொழிற்சாலை மூடப்பட்டு ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர்; பின்னர் வேறு நிறுவனங்களால் அத்தொழில் அவ்வட்டாரத்தில் மறுபடியும் தழைத்தது. கருவியைச் செய்து முடிப்பதற்குள் வெளிப்படும் கரியமில வாயுவைத் தயாரிப்பாளர்களே கணக்கிட்டு வெளியிடுகின்றனர். ஒரு கைப்பேசிக்கு அஃது ஏறத்தாழ 50 கிலோ எனக் கொள்ளலாம். நெய்வேலிக் கரி ஒரு கிலோ எரிந்தால் ஏறக்குறைய ஒரு கிலோ கரியமில வாயு வரும். எனவே ஓராண்டுச் சார்ஜிற்கு 11 கிலோ. ஈரம் மிகுந்து வெப்பம் குறைந்த இக்கரியையே எரித்தாலுங்கூட, நாலரை ஆண்டுகள் ஊட்டினாற்றான் உணவின் கணக்கு பிறப்பின் கணக்கிற்கு ஈடாகும்! இரண்டாண்டிற்கு ஒருமுறை கைப்பேசியை மாற்றுவார் ஒருவர், அதனை நான்காண்டு வைத்திருப்பாராயின், தம் வாழ்நாளெல்லாம் சார்ஜரைப் பிடுங்கிப் பிடுங்கி மிச்சப்படுத்துவதினும் பன்மடங்கு மிச்சப்படுத்துவார். இக்கட்டுரையில் யாம் கூறவந்தவற்றுள் முதன்மையானது இதுவே.

மாற்றுவோரை வினவினால், மின்கலம் தளர்ந்துவிட்டது என்பதையே பெரும்பாலோர் முதற்காரணமாகச் சொல்லுவர். ஆதலால் மின்கலத்தின் இயல்பைச் சிறிது அறிதல் நன்று. லித்தியம் அயனி மின்கலம் 1991-இல் சோனி நிறுவனத்தாற் கடைக்கு வந்தது. அதற்கு வழிகண்ட ஜான் குடினஃப், ஸ்டான்லி விட்டிங்காம், அகிரா யோஷினோ ஆகிய மூவர்க்கும் 2019-ஆம் ஆண்டு வேதியியல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. குடினஃப் அப்பொழுது தொண்ணூற்றேழு வயதினர். மின்கலத்தினுள் இரு கரைகள் உள. ஒரு கரை கிராபைட், மறுகரை உலோக ஆக்ஸைடு. லித்தியம் அயனிகள் ஓடத்திற் செல்வார்போல இடையிலுள்ள திரவத்தைக் கடந்து, சார்ஜ் ஏறும்போது இக்கரைக்கும், கருவி இயங்கும்போது அக்கரைக்கும் செல்கின்றன. ஒவ்வொரு பயணத்திலும் சில அயனிகள் கிராபைட்டின்மேற் படியும் மெல்லிய ஏட்டிற் சிக்கித் திரும்பாமல் நின்றுவிடுகின்றன. பல நூறு பயணங்களுக்குப்பின் கொள்ளளவிற் கால்பங்கு குறைந்தது தெரியவரும். இதனை முற்றிலும் தடுத்தல் இயலாது. விரைவு படுத்தாமலிருத்தல் இயலும்.

விரைவு படுத்துவன இரண்டு: வெப்பமும், முழு நிறைவில் நெடுநேரம் இருத்தலும். சித்திரை வைகாசியில் நெய்வேலியிலும் கடலூரிலும் வெயிலில் நிறுத்திய காரின் முகப்பிற் கைப்பேசியை வைத்துச் செல்லுதல், அதனை அடுப்பில் வைப்பதினும் சிறிதே மேல். தலையணைக்கடியில் வைத்துச் சார்ஜ் ஏற்றுதல் மின்கலத்திற்கும் கேடு, தலைக்கும் கேடு. நூற்றுக்கு இருபதினின்று எண்பது வரையில் ஏற்றி இறக்கி வழங்கும் மின்கலம், நாள்தோறும் முற்றக் காய்ந்து முற்ற நிறையும் மின்கலத்தினும் நெடுநாள் உழைக்கும். புதிய கைப்பேசிகள் பலவற்றில் எண்பதோடு நிறுத்தும் ஏற்பாடும் உண்டு. அதனை ஒருமுறை அமைத்துவிட்டு மறந்துவிடலாம். அத்தனைக்கும் பிறகு தளர்ந்தால், மின்கலத்தை மட்டும் மாற்றிக்கொள்க. செருப்புத் தேய்ந்ததென்று காலை மாற்றிக்கொள்வார் இலர். மின்கலம் உப்பிப் பின்மூடி புடைத்திருந்தால் மட்டும் தாமதமின்றி நிறுத்திக் கடைக்காரரிடம் கொடுக்கவேண்டும். குத்துதலும் அமுக்குதலும் தீயை அழைப்பதாகும்.

காதில் தனித்தனியே செருகும் கம்பியில்லாச் சிறுமணிகளைப் பற்றி ஒரு சொல். அவற்றினுள் மின்கலம் கடலையளவாயிருக்கும். பசையிட்டு மூடியிருத்தலால் மாற்றுவதும் அரிது. இரண்டு மூன்று ஆண்டுகளில் மின்கலம் தளர, கருவியே குப்பையாகின்றது. பழைய கம்பி இயர்போனுக்கு மின்கலமே இல்லை. கைப்பேசியின் சக்தியிலேயே பாடும். அறுந்தாற் கடைத்தெருவிற் பற்றவைத்துக் கொடுப்பாரும் இன்றும் உளர். நாகரிகம் எப்பக்கம் இருப்பினும், எம் வாக்கு கம்பிக்கே. ஒழிந்த கருவிகளைப் பழைய இரும்பு வாங்குவோரிடம் போடாது, உரிய இடத்திற் சேர்த்தல் வேண்டும். 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகள், அவற்றை மறுசுழற்சி செய்விக்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர்மேற் சுமத்தியுள்ளன.

இறுதியாக, மேற்கூறிய எண்களை எம் சொல்லின்மேல் நம்பவேண்டுவதில்லை, வீட்டிலேயே சோதித்தறியலாம். இக்காலத்து மின் மீட்டரின் முகப்பிற் செந்நிற விளக்கொன்று விட்டுவிட்டு மின்னும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை மின்னல் என்பது அம்முகப்பிலேயே அச்சிடப்பட்டிருக்கும். 3200 என்று எழுதிய மீட்டர் ஒன்றைக் கொள்வோம். விடுமுறை நாளில், வீட்டார் இசைவோடு, மற்ற ஸ்விட்சுகளையெல்லாம் அணைத்துவிட்டு, காலியான கைப்பேசி ஒன்றை மட்டும் சார்ஜரில் இடுக. அது நிறையும் வரை விளக்கு எத்தனை முறை மின்னுகின்றது என்று எண்ணுக. எம் கணக்கு சரியாயின் எண்பது முறை மின்னவேண்டும். தம்பி தங்கையர் இருப்பின் முறைவைத்து எண்ணலாம். பொறுமை சிறிது வேண்டும், ஒன்றரை நிமிடத்திற்கு ஒருமுறைகூட மின்னாத வேளையும் உண்டு. அதன்பின் சார்ஜரை எடுத்துவிட்டுப் பழைய மின்விசிறியை மட்டும் சுழலவிட்டு எண்ணுக. நிமிடத்திற்கு நான்கு.